தந்திக்கு முன்னால் போன சேலை

என் தங்கை மகனுக்கு நாற்பது வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, போர் நடக்கிற ஊரை எவ்வளவு தத்ரூபமாகக் காட்டியிருக்கிறார்கள் பாருங்கள் பெரியம்மா என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். ஏதோ ஒரு மாய ராஜ்ஜியத்தின் தலைநகரம். கோட்டைச் சுவரில் நெருப்பு, கோவில் வாசலில் கட்டுப் போட்ட வீரர்கள், வீடு இழந்து வந்தவர்களின் கூடாரங்கள். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைத்தெருவில் கூடை கூடையாகப் பழம் குவிந்திருக்கிறது. கடைக்காரன் நேற்று விற்ற விலைக்கே இன்றும் விற்கிறான். ஒருத்தி வாசலில் நின்றுகொண்டு, சண்டைக்குப் போனவர் கட்டாயம் திரும்பி வருவார் என்கிறாள். எத்தனை தடவை அந்தப் பக்கம் போனாலும் அதையேதான் சொல்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது காரைக்குடியில் ஒரு ஓடுகூட உடையவில்லை. மண்ணெண்ணெய்தான் காணாமல் போனது. செக்காலை மண்ணெண்ணெய்க் கடையில் தகர டின்னோடு மணிக்கணக்காக நின்றோம். டீக்கடை ரேடியோவில் வெற்றிச் செய்தி கேட்டுக் கைதட்டிவிட்டு வந்து, சரக்கு இல்லை என்று கையை விரித்தார் கடைக்காரர். பின்கட்டில் பீப்பாய் பீப்பாயாக இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக் கவலை வேறு. நாச்சியாபுரத்து அத்தை மகனுக்கும் எனக்கும் அந்த ஆவணியில் பரிசம் போட்டிருந்தார்கள். தையில் கல்யாணம். தச்சு வேலை தெரிந்தவர் என்பதால் பட்டாளத்தில் அவரைப் பாலம் கட்டுகிற பிரிவில் போட்டிருந்தார்கள். சண்டை நடந்த கிழக்கு எல்லையில்தான் இருந்தார். ஐப்பசியோடு கடிதம் நின்றுபோனது.

எங்கள் பக்கத்தில் பரிசச் சேலையை வாங்கிக்கொண்டவள் பாதி பெண்டாட்டி. அவன் செத்துப்போனால் அவள் ராசி கெட்டவள், அப்புறம் அவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் சாவுச் சேதி வருவதற்கு முன்னால் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தச் சாவு இந்த வீட்டைத் தொடாது. ஆகவே தந்தி வருவதற்குள் சேலை போய்விட வேண்டும், அதுவும் மார்கழி பிறப்பதற்குள். தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே அம்மா வாசலுக்கு ஓடுவாள். அந்தப் பயம் அவருக்காக இல்லை, எனக்காக.

இன்றைக்கு அப்பா தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அவர் என்னைக் கேட்கத்தான் செய்தார். "நீ வேணாம்னா நான் போகல ஆத்தா" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. பூவும் பொட்டும் இல்லாமல் மூலையில் உட்காரப் பயமாக இருந்தது. போயிட்டு வாங்க என்று சொன்னேன். ஒரு தடவை கட்டிய சேலை அது. கட்டின சுவடு தெரியாமல் இருக்க இரண்டு நாள் பாய்க்கு அடியில் வைத்து அழுத்தி, மடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அப்பா தேங்காய், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் நாச்சியாபுரம் போனார். அத்தை அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லையாம். தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எம் மகன் செத்துட்டான்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னாக?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். சொந்தத் தங்கை வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்பா திரும்பி வந்தார்.

மூன்றாம் நாள் சண்டை நின்றது. ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. பொங்கலுக்கு முன்னால் அவருடைய கடிதங்கள் அத்தை வீட்டுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தன. எனக்கு எழுதியவையும் அவற்றில் இருந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன். அவை என் கைக்கு வரவே இல்லை.

மாசியில் அவரே வந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார், மற்றபடி ஒரு கீறல் இல்லை. அம்மா இலை போட்டாள். ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்பிட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெட்கம் விட்டுப்போயிருந்தது. தை போனால் என்ன, வைகாசியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது, தங்கச்சியிடம் நானே வந்து பேசுகிறேன் என்று அப்பா இழுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எப்படியாவது சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி, "மறுபடியும் சண்டை வந்தா என்ன செய்வீக மாமா?" என்று கேட்டார்.

அப்பாவைத்தான் கேட்டார், பார்வை கதவுப் பக்கம் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறவரை நேரம் இருந்தது. காத்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.