கட்டி எடுத்த வயிறு

போர்வையின் இரண்டு முனைகள் அம்மா கையில், இரண்டு என் கையில். "மெதுவா இழுடா. என்ன, கயிறு இழுக்கிற போட்டியா?" ஹோட்டல் லாண்டரியில் நாளெல்லாம் விரிப்பு மடித்துவிட்டு வந்து, வீட்டிலும் மூலைக்கு மூலை பொருந்தாமல் விடமாட்டார். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அந்த வாரமே மாரடைப்பு.

அதிகம் பேசமாட்டார். லாண்டரியில் யாராவது கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று முகம் வாடி நின்றால் மட்டும் அவர் வாயை அடைக்க முடியாது. கல்யாணமான புதிதில் அவருக்கும் இருந்தது. பையையே எடுத்துவிடலாம் என்றார்களாம் அத்தைகள். "கட்டிய எடுங்க டாக்டர், பை எனக்கு வேணும்" என்றிருக்கிறார். வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார். பிறகு நான். தையல் தாங்காது என்று பிரசவமும் அறுவைதான். "ஒரு தடவ கட்டிய எடுத்தாங்க, ஒரு தடவ உன்ன. நீதான் கனம்."

இந்தக் கதைக்குச் சாட்சி நான். பேருந்து நிறுத்தமோ, டீக்கடையோ, "எழுந்து நில்லுடா" என்பார். பாலங்களின் பாரம் கணக்கிடும் தாடிக்காரப் பொறியாளன் எழுந்து நிற்பேன். "கட்டி எடுத்த வயித்துல வந்தவன். நல்லா பாத்துக்கோ." கேட்பவள் முகம் மலர்ந்ததும் மீதியையும் சொல்லிவிடுவார். "எல்லாருக்கும் ஆகும்னு பொய் சொல்லமாட்டேன். எனக்கு ஆச்சு."

கடைசியாகக் கேட்டவள் இஸ்திரி மேசைப் பெண். கட்டி என்றதுமே, கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வா என்றாராம் மாமியார். "பல்லு வலிச்சா தாடையையா கழட்டுவாங்க?" என்ற அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதாகச் சொல்லியிருந்தார். "எடுத்தே ஆகணும்னா அத டாக்டர் சொல்லட்டும்டி. உன் மாமியார் சொல்லவேண்டாம்."

அந்த நாள் வந்தபோது அம்மா இல்லை. நான் போனேன். பெஞ்சில் அந்தப் பெண் ஸ்கேன் உறையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். "யாரு இது?" என்றார் மாமியார். "லாண்டரி அக்கா பையன்." ஓரமாக உட்கார்ந்தேன்.

உள்ளிருந்து அழைக்கும் நேரம். மாமியார் மருமகள் பக்கம் சாய்ந்தார். "கட்டிய மட்டும் எடுத்து என்ன பிரயோசனம்? கத்தி பட்ட வயித்துல இனிமே என்ன தங்கப்போகுது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றேன்.