தண்ணீர்த் தொட்டியில் ஜெயித்த இயந்திரம்

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் வேலை பார்த்து வந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்குக் காக்கிநாடா பக்கம் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தம்பியைக் கூட்டி வந்தார். முப்பது வயதிருக்கும், மீனவர்.

அவர் சொன்னது எனக்குப் புதிது. அறுந்துபோன நைலான் வலைகள் கடலடியில் அப்படியே கிடக்கின்றனவாம். முன்பிருந்த பருத்தி வலை மக்கிவிடும், இது மக்குவதில்லை. மீனும் ஆமையும் அதில் சிக்கிச் சாகின்றன. இவர்கள் வீசும் வலையும் அதில் மாட்டிக் கிழிகிறது.

"இங்க அவ்வளவு பெரிய மிஷினெல்லாம் செய்றீங்க. அதை மேல இழுக்க ஒண்ணு செஞ்சு குடுங்க சார்" என்று தெலுங்கில் கேட்டார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான்கு கொக்கிகள், ஒரு கயிறு, அதைச் சுற்றி இழுக்கப் படகில் பொருத்தும் உருளை, அதற்கு ஒரு கைப்பிடி. வரைந்து, ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். கட்டட வேலை நடந்த இடத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. கல் கட்டிய பழைய வலையை அதில் போட்டு இழுத்துக் காட்டினேன். அழகாக மேலே வந்தது.

அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "செய்யி வதிலேஸ்தே, சார்?" என்றார். கை நழுவினால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்க ஒரு பூட்டு வைத்திருக்க வேண்டும். இன்னும் பத்து நாள் ஆகுமே என்று அதை விட்டிருந்தேன். "விடாம பிடிச்சுக்கோ, அவ்வளவுதான்" என்று சிரித்தேன். அவர் அதை ஊருக்கு எடுத்துப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்கா, அந்த மீன்கார அம்மா, மட்டும் வந்தார். தலையில் கூடை இல்லை.

"தம்பிய இங்க பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கு சார். உங்களப் பாக்கணுங்கறான்."

கொக்கியில் கனமான வலை மாட்டியிருந்த நேரம், அலை படகைத் தூக்கியிருக்கிறது. கயிறு வெடுக்கென்று இழுக்க, கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று அவர் முழங்கையை நொறுக்கிவிட்டது. தொட்டித் தண்ணீரில் ஏது அலை?

திட்டுவார் என்றுதான் போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவர், "பாதி வலை வந்துடுச்சு சார்" என்றார். "இன்னும் ரெண்டு பேரு இதே மாதிரி கேக்கறாங்க. அவங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அது திரும்பாம ஏதாவது பண்ணிடுங்க."

என்னால் தாங்க முடியவில்லை. "அதுக்கு ஒரு பூட்டு வைக்கணும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

 அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். 

அந்தக் கை மடங்கவே இல்லை. அவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை. அக்கா எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பூட்டு வைத்துப் புதிதாக ஒன்று செய்து, நானே அந்த ஊருக்கு எடுத்துப் போனேன். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை.

தெரியாமல் நடந்த தவறு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான் மிச்சம் பிடித்த பத்து நாளுக்கு ஒரு மனிதர் தன் கையைக் கொடுத்துவிட்டார் என்ற நினைப்போடுதான் இன்றும் பென்சிலை எடுக்கிறேன்.