மழையில் ஒட்டாத காகிதம்

இசக்கி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. செம்பூரில் நல்ல மழையில் பேருந்துக்கு நின்றிருந்தேன். அனுப்பியது யார் என்று பார்த்தேன். அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தும் அந்தப் பயிற்சியாளர். "அறிவியல் கல்விக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதி, கூடவே கும்பிடும் கைகள். அடப்பாவி, அந்த இழப்பை உண்டாக்கியதே நீதானே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் குடையோடு தள்ளிப் போனார்.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். டீச்சருக்கான அஞ்சலியில் அவருக்கு எதற்கு விளம்பரம்? ஆசிரியர்களான உங்களில் பாதிப் பேர் அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள்தான்.

தாராவியில் எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் டீச்சர் அறிவியல் நடத்தினார். நான் அப்போது அங்கே தற்காலிக ஆசிரியை. ஒரு ஜூலையில் மாட்டுங்காவில் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு துண்டுத் துணி, கொஞ்சம் காகிதத் துணுக்குகள். ஸ்கேலைத் துணியில் தேய்த்தால் மின்னூட்டம் ஏறிக் காகிதத்தை இழுக்க வேண்டும். விரல் எரியத் தேய்த்தோம். "ஒட்டிச்சா?" என்றார் பயிற்சியாளர். "ஒட்டிச்சு சார்" என்றது அரங்கம். பயிலரங்குகளில் அதுதானே வழக்கம். தலையாட்டினால் நேரத்துக்குச் சமோசாவும் சான்றிதழும் வந்துவிடும்.

டீச்சர் மட்டும் எழுந்தார். "எனக்கு ஒட்டல சார். வெளிய மழை கொட்டுது. காத்துல ஈரம் இருந்தா இது நடக்காது." எனக்கும் ஒட்டவில்லை என்று நானும் எழுந்தேன். தற்காலிக ஆசிரியை எழுந்ததை யார் பார்க்கிறார்கள்?

"அரே மேடம், கை பழகணும். டீச்சருக்கே வரலேன்னா பசங்களுக்கு எப்படி வரும்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ நீங்க செஞ்சு காட்டுங்க."

அவர் திரையில் ஒரு வீடியோவை ஓட்டினார். அதில் அழகாக ஒட்டியது.

"வீடியோல ஒட்டும் சார். எம் பிள்ளேளு கையில ஒட்டணும்லா?" என்றார் டீச்சர்.

மறுநாள் பள்ளிக்கு எதிரே இருந்த இஸ்திரிக் கடையில் துணியையும் காகிதத்தையும் பெட்டிக்கு அடியில் கொடுத்து, சுடச்சுட வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார். சூடு ஆறுமுன் தேய்த்தார். துணுக்குகள் துள்ளி ஒட்டின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே வந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி, விதி மாறாது, காத்து மாறும்லா? அதச் சொல்லித் தராம வீடியோ என்ன எழவுக்கு?" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அவர் எடுத்த கடைசி அறிவியல் வகுப்புகளில் அது ஒன்று.

ஏனென்றால் அந்த மனிதர் சும்மா விடவில்லை. "செய்முறைத் திறன் போதாது, ஒத்துழைப்பும் இல்லை" என்று பள்ளிக்கு அறிக்கை அனுப்பினார். அறிவியலைப் பிடுங்கிக்கொண்டு ஓவியத்தையும் கைவேலையையும் கொடுத்தார்கள். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தவர், வெண்டைக்காயைச் சாயத்தில் தொட்டுப் பூ அச்சுப் போடக் கற்றுக்கொடுத்தபடியே ஓய்வு பெற்றார்.

பெரிய மனசு பண்ணி மறந்துவிடுங்கள் என்று உங்களில் எத்தனை பேர் டீச்சருக்குப் புத்தி சொன்னீர்கள்! "மறந்து வச்சுட்டு வாறதுக்கு அது என்ன குடையா?" என்பார். ஒருமுறை கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கப் போனோம். உள்ளே அந்தப் பயிற்சியாளர். டீச்சர் நேர் எதிரே போய் உட்கார்ந்து, அவரையே முறைத்துக்கொண்டு ஒரு காபியை ஆற அமரக் குடித்தார். "பாதித் தோசைய வச்சிட்டு ஓடுதான் பாரு" என்று குளிர்ந்துபோய் எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். பழி தீர்க்காமல் விடாத இசக்கியம்மனின் பெயரை வைத்தவர்கள் தெரியாமலா வைத்தார்கள்?

நினைவுக் கூட்டம் மாட்டுங்காவில் அதே அரங்கில் நடந்தது. அன்றும் மழை. பயிற்சியாளர் மேடையேறி, "இசக்கி மேடம் நம்ம ஒர்க்‌ஷாப்ல உருவானவங்க" என்றார். நான் இதற்காகவே காத்திருந்தேன். பையிலிருந்து ஸ்கேலையும் துணியையும் காகிதத் துணுக்குகளையும் எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன். "டீச்சருக்குப் பிடிச்ச சோதனை சார். அவங்க நினைவா ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

மாலை போட்ட படத்துக்கு முன்னால் எப்படி மறுப்பார்? தேய்த்தார். மறுபடி தேய்த்தார். வேர்த்தது. காகிதம் அசையவில்லை.

"ஒட்டிச்சா சார்?"

இம்முறை அரங்கம் வாய் திறக்கவில்லை.

"இல்ல... மழை பெய்யுதில்ல. காத்துல ஈரம்..." என்று முனகினார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். டீச்சருக்குக் கேக்கணும்" என்றேன்.

சொன்னார். மைக்கில் சொன்னார்.

டீச்சரிடமிருந்து பொறுமையைக் கற்றேன் என்று எழுதினால் அவரே படத்திலிருந்து இறங்கி வந்து அடிப்பார். அவருடைய ஆறாத கோபம்தான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த ஜூலையிலும் பயிலரங்கு வைப்பார்கள். ஸ்கேல் என் பையிலேயே இருக்கிறது. முன்வரிசையில் உட்காருவேன். அன்று "ஒட்டிச்சு சார்" என்று சொன்ன உங்களுக்கும் என் பக்கத்திலேயே இடம் பிடித்து வைக்கிறேன். வாருங்கள்.