விரதம் அவளுக்கு, ஊசி அவனுக்கு

சயந்தினி: பிறப்பு 1976, சாவகச்சேரி. இத்தாலியின் பலேர்மோ வந்ததும் விதுரனை மணந்ததும் 2003இல். வசிப்பிடம் போர்கோ வெக்கியோ. தொழில், நடக்க இயலாத ஒரு சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலியச் சீமாட்டியை, பராமரித்தல். விதுரன் துறைமுகத்தில் சுமை ஏற்றுபவன். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைத்த 2005 முதல் பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள்.

பழி முழுவதும் அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் மிளகும் தண்ணீருமாக விரதம் இருந்துகொண்டே சிஞ்ஞோராவைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். விதுரனின் தாய் ஞானாம்பிகை மாமியோ தொலைபேசியில், "விரதத்திலை எங்கையோ பிழை விடுறாய், பிள்ளை" என்பார்.

விதுரனுக்குத் தோள்தான் பெருமை. தமிழ்ச் சங்கத்தின் கயிறிழுப்புப் போட்டியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கடைசியில் நிற்பவன் அவன்.

2008இல் சூரன்போர் முடிந்த மறுநாள், இருவரும் மருத்துவர் கத்தரீனாவிடம் போனார்கள். சயந்தினியின் பரிசோதனைத் தாள்களைப் புரட்டி, அவளிடம் குறையேதும் இல்லை என்ற மருத்துவர், விதுரனின் புஜத்தைப் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். அவனுக்கு அந்த மொழி துறைமுகத்தோடு சரி. சயந்தினிதான் மொழிபெயர்த்தாள்.

"ஊசி போடுறனீங்களோ எண்டு கேக்கிறா."

"ஜிம்மிலை தந்த டெஸ்டோஸ்டெரோன். மூண்டு வருசமாய்ப் போடுறன். ஆம்பிளைச் சத்துத்தானே, பிள்ளைக்கும் நல்லதெண்டு நினைச்சன்."

கத்தரீனா விளக்க விளக்க, சயந்தினியின் குரல் தடித்தது. "அது தசையிலை புரதத்தைச் சேத்து நாரைத் தடிப்பாக்குமாம். பலமும் கூடுமாம். ஆனா வெளியிலையிருந்து வாறதைக் கண்டு, போதுமெண்டு மூளை கட்டளையை நிப்பாட்டிப்போடுமாம். விதை உறங்கிப்போகுமாம். கேக்குதோ?"

"ஊசியை விட்டால் திரும்பி வராதோ?"

"அநேகமாய் வருமாம். மாதக்கணக்காகுமாம்."

"அப்ப தை மாதப் போட்டி முடியட்டும். ஜெனோவாப் பெடியள் வாறாங்கள்…"

அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள். "மிளகு திண்டது நான். மலடியெண்டு பேச்சு வாங்கினது நான். உங்களுக்கு இன்னும் கயிறோ? இஞ்சையே ஃபோனை எடுங்கோ. உங்கடை அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ!"

"வீட்டை போய்க் கதைப்பம், சயந்தி."

"இஞ்சை!"

அவன் எடுத்தான். "அம்மா… அவளிலை பிழையில்லை. என்னிலைதான்" என்றான். சயந்தினி கைப்பேசியைப் பறித்தாள். "கேட்டதோ, மாமி? இனி விரதத்தை உங்கடை மகன் பிடிக்கட்டும்."

விதுரனின் பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வந்தது. புஜச் சுற்றளவு: 43 சென்டிமீட்டர். விந்தணு எண்ணிக்கை: 0.