முதல் குரூப் பட்டியல்

ரோஹிணிக்கு அச்சடித்தது போன்ற கையெழுத்து. அதுவே அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

குரோம்பேட்டையில் அவள் படித்த பள்ளியின் கணக்கு வாத்தியார் சம்பந்தம் சார் நல்லவர்தான். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். கஷ்டமான கணக்கென்றால் பையன்களைக் கரும்பலகைக்குக் கூப்பிடுவார். ரோஹிணியிடம் மார்க் ரிஜிஸ்தரை நீட்டுவார்.

"நீ இதை எழுதிடும்மா. உன் கையெழுத்துதான் நல்லாருக்கும்."

சாயங்கால ஸ்பெஷல் கிளாஸும் பையன்களுக்கு மட்டும். பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமாம். என்னே அக்கறை! அவள் மாடம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்து தானாகவே கணக்குப் போட்டுப் பழகினாள். 2003இல் பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினாள்.

இன்ஜினியரிங் படிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்குப் பதினொன்றில் முதல் குரூப் கிடைத்தாக வேண்டும். ஜூன் மாதம் ஒருநாள் சார் கூப்பிட்டனுப்பினார். சீட் கிடைத்துவிட்டதென்று ஓடினாள்.

"ஃபர்ஸ்ட் குரூப் லிஸ்ட்டும்மா. சொல்லச் சொல்ல எழுது. இதை வச்சுதான் ஆபீஸ்ல அட்மிஷன் போடுவாங்க."

எழுதினாள். கணக்கில் எழுபத்தொன்று வாங்கிய ஷ்யாம்சுந்தர் பெயர் வந்தது. நாற்பதாவது பெயரோடு சார் நிறுத்திக்கொண்டார்.

"சார், என் பேரு?"

"உனக்கு மூணாவது குரூப். லேப் முடிய ஆறு மணி ஆயிடும், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அந்த பேஜாரு? அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டார்."

ரோஹிணி எழுதினால் தப்பிருக்காது என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அவளே பசை தடவி நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள். அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

இப்போது 2009. ஒரு இன்ஜினியரிங் கல்லூரி ஆபீசில் சான்றிதழ்களில் மாணவர் பெயர் எழுதுவது அவள் வேலை. போன வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அது தோன்றியது. அன்று நாற்பத்தொன்றாவதாகத் தன் பெயரையும் எழுதியிருந்தால் சார் கவனித்தே இருக்க மாட்டார்.

ஆறு வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. பேனாவை உதறிவிட்டு அடுத்த பெயரை எழுதினாள்.