நாலாவது கூறு

மராத்தி பேசும் தேஹு ரோடில் சரசா கூறு போட்டால் சண்டை வராது என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவள் இருபது வருடமாகக் காப்பாற்றி வந்தாள்.

அவள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில். கணவர் மகாதேவன் ராணுவத் தளவாடக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஜூலையில் இறந்துபோனார். அவர் வாங்கிய பென்ஷனில் பாதிக்குச் சற்று மேல்தான் அவளுக்கு வந்தது. வாடகைக்கும் கரண்டுக்கும் எடுத்து வைத்துவிட்டால், மீதியில் ஒரு மாதத்தை ஓட்ட வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் அனிருத் பேச்சை எடுத்தான். அவனுக்கு நகரத்தின் மறுகோடியில் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே பதினோராவது மாடியில் வீடு.

"எங்களோட வந்துடும்மா. இங்க தனியா என்ன பண்ணப் போற?"

"ஒரு வருஷம் குடு. உன்கிட்ட எதுவும் கேக்காம இருந்து காட்டறேன். முடியலைன்னா நானே பெட்டியைக் கட்டிடறேன்."

"என்னம்மா இது, பந்தயமா?"

"அப்படியே வெச்சுக்கோ."

மருமகள் ப்ரீதி சிரித்தாள். "பந்தயம் வேண்டாம்னு சொல்லுங்க. அத்தை ஜெயிச்சுடுவாங்க."

மகன் வீட்டில் அவளுக்குக் குறை ஒன்றும் இருக்காது. அதுதான் பயம். அங்கே சமைக்க ஆள் உண்டு. காய்கறி போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். ஒருவருக்கும் தேவைப்படாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தன்னை அவள் மனதுக்குள் பார்த்துவிட்டாள். இங்கே வியாழக்கிழமை என்றால் மூன்று பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

வியாழன் சந்தை நாள். மற்றவர்கள் நாலு மணிக்குப் போவார்கள். சரசா விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கிளம்புவாள். கடைக்காரர்கள் சாக்கை உதறத் தொடங்கும் நேரம் அது. திரும்பச் சுமந்து போக மனமில்லாத சரக்கைக் கேட்ட விலைக்குக் கொடுப்பார்கள். கிலோவாக வாங்கமாட்டாள்; குவியலாக வாங்குவாள். "மாவ்ஷி ஆலீ, ஆதா துகான் பந்த்" என்பான் தக்காளிக்காரன். சித்தி வந்துவிட்டாள், இனிக் கடையை மூட வேண்டியதுதான் என்று அர்த்தம். அவள் சிரிக்காமல் அடியில் இருக்கும் தக்காளியை அழுத்திப் பார்ப்பாள்.

வாங்கியதற்குப் பங்காளிகள் நாலு பேர். சரசா, கீழ்வீட்டு அந்தோணியம்மாள், மாடிப்படிக்கு எதிரே இருக்கும், எல்லோருக்கும் வஹினியான, அதாவது அண்ணியான, மராத்திக்கார ஷிண்டே வஹினி, பின்பக்கத்து ஒற்றை அறையில் புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும் இருக்கும் பவுன். காசு நாலு பேருக்கும் சமம். கூறும் சமம். மாடிப்படிக்குக் கீழே கோணியை விரித்துச் சரசா குந்தி உட்கார்ந்து பிரிப்பாள். தராசு கிடையாது, கைதான். ஆனால் நாலு காலிஃபிளவர் ஒரே அளவில் எங்கே கிடைக்கும்? எப்படிப் பிரித்தாலும் ஒரு கூறு கொஞ்சம் தூக்கலாகவும் ஒன்று கொஞ்சம் இளைத்தும்தான் நிற்கும்.

அதற்குப் பவுன் தன் ஊர் வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஏரி மீனைப் பங்கு போடும்போது செய்வது. ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருத்தி ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்க வேண்டும். திரும்பி நிற்பவள் சொல்லும் பெயருக்கு அந்தக் கூறு. அதற்குமேல் பேச்சில்லை. ஷிண்டே வஹினிக்காகக் கேள்வி மட்டும் மராத்திக்கு மாறியிருந்தது: "ஹே குணாலா?"

எப்போதும் சரசா தொடுவாள், பவுன் திரும்பி நிற்பாள். பந்தயம் கட்டிய அந்த ஒரு வருடத்தில் நல்ல கூறு பெரும்பாலும் சரசாவுக்கே வந்தது.

"உங்க கை ராசிக்கா" என்பாள் அந்தோணியம்மாள். அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஓயாத வறட்டு இருமல் வேறு. "தொட்டதெல்லாம் உங்களுக்கே வந்துருது பாத்தீயளா."

சரசா அதை நம்பினாள். அனிருத் போன் செய்யும்போது சொல்லியும் காட்டினாள். "இந்த வாரமும் பெரிய பூ எனக்குத்தான். மூணு நாளைக்குக் கறிக்குக் கவலையில்லை."

மற்ற நாட்களுக்கு மொட்டை மாடி இருந்தது. பெயிண்ட் வாளிகள், அரிசிச் சாக்குகள், உடைந்த கூலரின் அடித்தட்டு. எல்லாவற்றிலும் மண் நிரப்பி வெந்தயக்கீரை, பசலை, மிளகாய், புதினா வைத்திருந்தாள். பெரிய டிரம்மில் ஆள் உயரக் கறிவேப்பிலை. அரிசி களைந்த நீர் மிளகாய்க்கு, பாத்திரம் அலசிய நீர் பசலைக்கு என்று கணக்கு. கீரை கிள்ளும் நாளில் மூன்று வீட்டுக்கும் ஒரு பிடி போகும்.

ஏப்ரலில் தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றானது. கீரை காய்ந்தது. ஆனாலும் மாடிக்குப் போகும் காலைகளில் ஒரு வாளித் தண்ணீர் படியோரம் இருக்கும். "எங்க டிரம்மு நெறைஞ்சு வழிஞ்சுதுக்கா" என்பாள் அந்தோணியம்மாள். ஷிண்டே வஹினி சோள ரொட்டியான பாக்ரி அதிகம் தட்டிவிட்டதாகச் சொல்லி நாலைக் கொண்டுவந்து வைப்பாள். ரேஷன் அரிசி பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று பவுன் ஒரு டப்பா தருவாள். சரசா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தன் சிக்கனம் பலிக்கிறது என்று நினைத்தாள்.

ஜூன் பாதியில் மழை தொடங்கியது. பாசி பிடித்த மாடிப்படியில் வழுக்கி அவள் முழங்கால் வீங்கியது. உடைவு ஒன்றுமில்லை. ஆனால் குந்த முடியவில்லை. பந்தயம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. முட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, முடிவைக் கேட்க அனிருத் அந்த ஞாயிறு வருவதாக இருந்தான். வியாழன் மாலை மற்ற மூவரும் சந்தைக்குப் போய்வந்தார்கள். பவுன்தான் கோணியில் உட்கார்ந்து பிரித்தாள்.

"நான் திரும்பி நிக்கறேன். அதுக்கு முட்டி வேண்டாமே" என்றாள் சரசா.

சுவரைப் பார்த்து நின்றாள். இத்தனை வருடத்தில் முதல் முறை. சுண்ணாம்பு உரிந்த இடமும் மீட்டர் பெட்டியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது.

"ஹே குணாலா?"

"வஹினி."

"ஹே குணாலா?"

"அந்தோணி."

"ஹே குணாலா?"

பின்னால் அந்தோணியம்மாள் இருமினாள். இரண்டு இருமல், சின்னதாக, தொண்டையிலிருந்து.

சரசாவுக்கு அந்த இருமல் தெரியும். குனிந்து நல்ல கூறைத் தொடும்போதெல்லாம் தலைக்கு மேலே அதைக் கேட்டிருக்கிறாள். அது முடிந்ததும் பவுன், "சரசாக்காவுக்கு" என்பாள். வாரம் தவறாமல். இன்று திரும்பி நிற்பது பவுன் அல்ல என்பதை அந்தோணியம்மாளின் தொண்டை மறந்துவிட்டது.

மீட்டர் பெட்டியில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வழிந்த டிரம், மிஞ்சிய பாக்ரி, பிடிக்காத அரிசி எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கின.

"பவுனுக்கு" என்றாள்.

அவள் திரும்பினாள். பவுனின் கை பெரிய காலிஃபிளவரின் மேல் இருந்தது. எஞ்சிய கூறில் இருந்த பூ சூம்பிப்போய்க் கையகலம்கூட இல்லை. அந்தோணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"அக்கா, இல்லக்கா..." என்றாள் பவுன்.

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

அந்தோணியம்மாள்தான் சொன்னாள். "அண்ணன் காரியம் முடிஞ்ச மறுவாரத்துலேர்ந்து. உங்க மவன் வந்து கூட்டிட்டுப் போயிருவான்னு பயமா இருந்துச்சுக்கா. நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு கூறு போடுவா?"

"இளைச்ச கூறு யாருக்குப் போச்சு?"

பவுன் கோணியின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பவுனின் புருஷனுக்குத் தீபாவளிக்குப் பிறகு நிரந்தர வேலை இல்லை. மூன்று பிள்ளைகளில் நடுப்பெண்ணுக்கு ரத்தம் போதவில்லை, கீரையும் காயும் நிறையக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைச் சரசாவிடம் வந்து சொன்னதும் இதே பவுன்தான்.

"உனக்கு மூணு வயிறு இருக்கேடி" என்றாள் சரசா.

ஞாயிறு அனிருத் வாதம் செய்யத் தயாராக வந்தான். அம்மா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

"என்னம்மா, ஜெயிச்சுட்டேன்னுதானே சொல்லப் போற?"

"இல்லப்பா. முட்டி ஒத்துக்கலை. வரேன்."

சந்தோஷம்தான் அவன் முகத்தில் தெரிந்தது. பவுனின் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்து ஜெயித்த பந்தயம் அது என்று சொல்லி அதைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை.

புறப்படுமுன் மூவரையும் மாடிக்கு அழைத்தாள். காலையிலேயே ஒற்றைக் காலை இழுத்து இழுத்து வாளிகளைப் பிரித்து வைத்திருந்தாள். மூன்று கூறு. ஒன்றில் மட்டும் கறிவேப்பிலை டிரம், மழைக்குத் துளிர்த்த பசலை, காய்க்கும் மிளகாய். எவ்வளவு மாற்றிப் பார்த்திருந்தாலும் அது தூக்கலாகவே இருந்திருக்கும். அவள் மாற்றிப் பார்க்கவில்லை.

"பவுனு, திரும்பி நில்லு."

"மாட்டேன்க்கா. இனிமே நான் அந்தச் சுவத்தப் பாக்க மாட்டேன்."

அந்தோணியம்மாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சரசா குனிய முடியாமல் ஊன்றுகோலால் தொட்டாள். "ஹே குணாலா?"

"வஹினிக்கு."

அடுத்து டிரம்மைத் தொட்டாள். கேட்பதற்கு முன் இரண்டு முறை இருமினாள்.

அந்தோணியம்மாளின் முதுகு குலுங்கியது. கீழே அனிருத் ஒருமுறை ஹார்ன் அடித்தான்.

"பவுனுக்கு."

ஷிண்டே வஹினி அழுதுகொண்டே டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பவுன் மறுபக்கத்தைப் பிடித்தாள். டிரம் நகர்ந்த இடத்தில் ஈரம் படாத வட்டம் ஒன்று வெளுத்துத் தெரிந்தது. தூறல் அதன்மேல் விழத் தொடங்கியபோது சரசா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படி இறங்கினாள். வியாழக்கிழமை என்ன வாங்க வேண்டும், யாரிடம் கடைசி விலை கேட்க வேண்டும் என்பதை மூவருக்கும் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.