தொய்ந்த கயிறு

தேவனாம்பட்டினத்திலிருந்து ஃபைபர் படகில் ஒரு மணி நேரம் வந்து எஞ்சினை நிறுத்தியிருக்கிறோம். மேல்நீரும் அடிநீரும் எந்த ஆழத்தில் கலக்கின்றன என்று அளக்கும் கருவி, ஆள் உயரக் குழாய், தன் எடையிலேயே கடலுக்குள் இறங்க வேண்டும். அதன் கயிறு தொய்வாகவே இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால், கலக்கும் தண்ணீரின் நடுக்கத்துக்குப் பதிலாக நம் கையின் நடுக்கம் பதிவாகிவிடும்.

இரண்டு முறை அப்படி வீணாகிவிட்டது. படகுக்காரர் செல்வமணி தன்னையறியாமல் கயிற்றை இறுக்கிவிடுகிறார். காற்று ஏறுவதற்குள் இன்னும் ஒரு முறைதான் இறக்க முடியும்.

“கயிறு லூசா இருந்துச்சுன்னா வல போச்சுன்னு அர்த்தம் சார். நான் சும்மா இருந்தாலும் கை கேக்க மாட்டேங்குது” என்று கயிற்றை என்னிடம் தந்துவிட்டு, அது தன் கண்ணில் படாமலிருக்கக் கரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

கயிற்றைத் தளர விடுகிறேன். கருவி இறங்குகிறது. விரல்களில் கனமே இல்லை. எங்களிடம் இருப்பது இந்த ஒரே கருவி. கீழே அது இன்னும் இருக்கிறதா என்று சொல்ல எதுவும் இல்லை.

செல்வமணி மெல்லத் திரும்பிப் பார்க்கிறார்.

“சார், நீங்களும் இழுத்துத்தான் புடிச்சிருக்கீங்க.”

குனிந்து பார்க்கிறேன். என் கையிலிருந்து கடல்வரை கயிறு விறைத்து நிற்கிறது.